பிடிச்ச விரலை விடு பிள்ளை

வா பிள்ளை, இரு. உந்த விசிறியைக் கொஞ்சம் இஞ்சால திருப்பிவிடு. மூண்டரை வயசுப் பெடியனை ஆர்ட் கிளாசுக்கு விடவேணும், வெள்ளவத்தையில ஆர் நல்ல ரீச்சர் எண்டு கேக்கிறாய். நல்ல கேள்விதான். திங்கள் எலக்கியூசன், செவ்வாய் அபாகஸ், புதன் நீச்சல், வியாழன் மிருதங்கம் எண்டு பெடியன் இப்பவே கந்தோருக்குப் போற ஆக்களிலும் பாக்கக் கனக்க உழைக்கிறான். வெள்ளிக்கிழமையை மட்டும் ஏன் சும்மா விடவேணும்? சும்மா விட்டால் பிள்ளை கெட்டுப்போய்விடுமெல்லே. விளையாடத் தொடங்கிவிடும்.

அங்க என்ன பழக்கவேணும் எண்டு கேட்டன். "வடிவாக் கீறவேணும் ஐயா, கோட்டுக்கு வெளியால போகாமல் கலர் அடிக்கவேணும்" எண்டாய். மெத்தச் சந்தோசம். இந்த நாட்டில கோட்டுக்கு வெளியால போகாமல் இருக்கிறது பஸ்காரனாலும் ஏலாது, ஓட்டோக்காரனாலும் ஏலாது. காலி வீதியில போய் அஞ்சு நிமிசம் நிண்டு பார். மூண்டரை வயசுக்காரன்தான் அதைச் செய்து காட்டவேணும்.

போன கிழமை உங்கட மொண்டிசோரிக் கண்காட்சிக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனனியெல்லே. எந்த மொண்டிசோரி எண்டு நான் ஏன் சொல்லவேணும். கொழும்பில பாதி அப்பிடித்தான். சுவர் முழுக்க வாத்து. எல்லா வாத்தும் ஒரே பக்கம் பாக்குது. ஒரே மஞ்சள், ஒரே அளவு பஞ்சு, சொண்டில ஒரே செம்மஞ்சள். முந்தி வெள்ளவத்தை மில் ஓடின காலத்தில சீலைத்துணி இப்பிடித்தான் வெளியால வந்திருக்கும், எத்தனை யார் விரிச்சாலும் ஒரே அச்சு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பாத்தன். வாத்தைக் கீறினது ரீச்சர். வெட்டினதும் ரீச்சர். பஞ்சை உருட்டிக் குடுத்தது உதவிக்கு நிண்ட பெட்டை. கம் பூசின இடத்தில பஞ்சை வைச்சது மட்டும் பிள்ளையள். உன்ர மோன்ர வாத்துக்குக் கீழ, மூலையில, கம்மும் ஊத்தையும் சேந்து ஒரு சின்னப் பெருவிரல் அடையாளம் கிடந்தது. ரேகை எல்லாம் தெளிவாத் தெரிஞ்சுது. அந்தச் சுவரில அது ஒண்டுதான் பிள்ளையின்ர கைவேலை. நீ அதைக் கண்ட உடன நகத்தால சுரண்டினாய்.

ரீச்சரைக் குறை சொல்ல நான் வரேல்லை. பாவம், அவவுக்கும் சம்பளம் வேணும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின்ர வாத்துக்கு ரெண்டு கண், என்ர பிள்ளையின்ர வாத்துக்கு ஏன் ஏழு கண் எண்டு வாசலில வந்து நிக்கிற தாய்மாருக்கு அவ என்ன மறுமொழி சொல்லுறது? அதால தானே கீறி, தானே வெட்டி, கண்ணும் வைச்சு, கீழ பிள்ளையின்ர பேரை எழுதி அனுப்பிவிடுறா. நீங்கள் அதைப் படம் பிடிச்சுக் கனடாவுக்கு அனுப்புவியள். மாமாக்காரன் அங்க குளிருக்குள்ள இருந்துகொண்டு "மருமோன் பெரிய ஓவியனா வருவான்" எண்டு எழுதுவான். வாத்து ரீச்சற்ற, புகழ் மாமான்ர. நடுவில பிள்ளைக்கு என்ன வேலை எண்டுதான் எனக்கு விளங்கேல்லை.

அண்டைக்கு இன்னொரு அதிசயமும் கண்டன். பெரிய வகுப்புப் பிள்ளையளின்ர இயற்கைக் காட்சி. ரெண்டு முக்கோண மலை, நடுவால சூரியன், கீழ ஒரு ஆறு, ஆத்தங்கரையில ஓட்டுவீடு, பக்கத்தில தென்னை, மேல நாலு குருவி. வெள்ளவத்தையில மலை எந்த லேனில கிடக்கு பிள்ளை? ஹம்டன் லேனிலயோ, ராமகிருஷ்ணா றோட்டிலயோ? உந்தப் பிள்ளையள் பின்னேரம் மரைன் டிறைவில நிண்டு பாக்கிறது தண்டவாளத்துக்கு அங்கால கடலுக்குள்ள விழுகிற சூரியன். பேப்பரில மட்டும் அது மலைக்கு நடுவால எழும்பவேணும். சூரியனுக்கே இடமாற்றம் குடுத்த ஆக்களப்பா நீங்கள். ஒரு பிள்ளையாவது ரயிலைக் கீறேல்லை, அஞ்சாம் மாடியில காயுற சாரத்தைக் கீறேல்லை, கரண்ட் கம்பியில குந்தியிருக்கிற காகத்தைக் கீறேல்லை. கீறினால் பரிசில்லை.

சரி, உன்ர பெடியன் தன்ர பாட்டில என்ன கீறுறான் எண்டு எப்பவாவது பாத்தனியோ? நான் பாத்தன். ஞாயிற்றுக்கிழமை, உங்கட வீட்டுக் கதிரைக்குக் கீழ, கரண்ட் பில்லின்ர பின்பக்கத்தில. ஓமோம், முதலாம் ஆண்டு அட்மிஷனுக்கு விலாசம் காட்ட எண்டு நீ கோப்பில பூட்டி வைச்ச அதே கரண்ட் பில்தான். முதல் ஒரு வட்டம். வட்டம் முடியிற இடத்தில அவன் நிப்பாட்டேல்லை. அதுக்கு மேலயே சுத்துறான், சுத்துறான், பென்சில் அமந்து பேப்பர் மினுங்குது. நாக்கு ஒரு பக்கத்தால வெளியால. வாயால "ர்ர்ர்" எண்டு சத்தம். இடைக்கிடை "மார்க்கட் இறங்கு, மார்க்கட் இறங்கு" எண்டுறான். அப்பத்தான் எனக்குப் பிடிபட்டுது, அது பாணந்துறைக்குப் போற 100ஆம் நம்பர் பஸ். பஸ்ஸைக் கீறேல்லை அவன், ஓட்டுறான். பேப்பரில மிஞ்சினது ரயர் போன தடம்.

நீ குசினிக்குள்ளயிருந்து வந்தாய். "என்னடா இது கிறுக்கல்?" எண்டாய். அவன் உன்னை ஒருக்கா நிமிந்து பாத்திட்டு "தோசை" எண்டான். கெட்டிக்காரன். தாய்க்கு எந்த மறுமொழி காணும் எண்டு பிள்ளைக்குத் தெரியும். நீயும் "அட, தோசையோ, அப்ப சட்னி எங்க?" எண்டு கேட்டுப் பஸ்ஸைக் கவிட்டுக் கொட்டிப்போட்டு உள்ள போனாய்.

கிறுக்கல் எண்டு நீ சொல்லுறதை ஒரு மனிசி ஆயுள் முழுக்கச் சேத்தவ, கேட்டுக்கொள். அமெரிக்காவில, சான் பிரான்சிஸ்கோவில, ரோடா கெலோக் எண்டு பேர். சின்னப்பிள்ளையள் கீறினது பத்து லட்சம் அளவில சேத்து அடுக்கி வைச்சுப் பாத்து, 1969இல ஒரு புத்தகம் போட்டவ. புள்ளி, நிமிந்த கோடு, படுத்த கோடு, சுத்தல் எண்டு அடிப்படைக் கிறுக்கல் 20 எண்டு வகுத்தவ. அதிலயிருந்து பிள்ளை வட்டத்துக்கு வரும். வட்டத்துக்குள்ள ஒரு சிலுவை போடும். பிறகு வட்டத்தைச் சுத்திக் கதிர் முளைக்கும். ஒருநாள் கதிரில ரெண்டு மட்டும் மிஞ்சிக் காலாகும், வட்டத்துக்குள்ள கண் வரும், தலையிலயிருந்தே கால் இறங்கின மனிசன் ஒருத்தன் எழும்பி நிப்பான். எந்த நாட்டுப் பிள்ளையும் இந்த வழியாலதான் வருகுது எண்டது அவவின்ர முடிவு. வழி காட்ட ஒரு ரீச்சரும் நிக்கேல்லை. அந்த வயிறில்லாத மனிசனை உன்ர மோன் கீறுற அண்டைக்கு டொக்டரிட்டக் காட்டவோ எண்டு என்னட்ட ஓடி வராதை. பாண் விலை விக்கிற விலைக்கு வயிறில்லாமல் இருக்கிறதுதான் புத்தி.

உனக்கு ஞாபகமிருக்கோ, விஜயதசமிக்கு அவனுக்கு ஏடு தொடக்கினது? ஐயர் மடியில இருத்தி, தட்டில அரிசியைப் பரப்பி, சின்ன விரலைப் பிடிச்சு "அ" எழுதுவிச்சார். எழுதி முடிய அவர் விரலை விட்டிட்டுத் தட்சிணையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நீங்கள் தாயும் தேப்பனும்தான் அண்டைக்குப் பிடிச்ச விரலை இன்னும் விடேல்லை. ஐயர் விட்ட உடன பெடியன் செய்ததை நீங்கள் ஒருத்தரும் பாக்கேல்லை. "அ"வை உள்ளங்கையால ஒரே தடவலா அழிச்சிட்டு, அரிசிக்குள்ள அஞ்சு விரலையும் ஓட்டி, அஞ்சு வாய்க்கால் வெட்டினான். பிறகு அரிசியை அள்ளித் தன்ர தலையில போட்டான். அவன்ர கணக்கில ஏடு தொடங்கினது அப்பதான்.

பிள்ளையைத் தன்ர பாட்டில கீறவிடுறது வெளிநாட்டுப் புதுப் பைத்தியம் எண்டு நினையாதை. 1920களில இலங்கைக்குப் பிரதம சித்திர வித்தியாதரிசியா வந்த வின்சர் எண்ட ஓவியர், இங்கிலீஷ் அச்சுப் படத்தைப் பாத்துப் பிரதி பண்ணுற வேலையிலயிருந்து பள்ளிக்கூடச் சித்திரத்தை மீட்கப் பாத்தவர். ஓவியர் ஜோர்ஜ் கீற்றைத் தட்டிக்குடுத்தவரும் அவர்தான். அவருக்குப் பிறகு அந்தக் கதிரைக்கு வந்த பீலிங், 1943இல கொழும்பில தொடங்கின '43 குழு' ஓவியர்களில ஒராள். எங்கட யாழ்ப்பாணத்தில சித்திர வித்தியாதரிசியா இருந்த எஸ். ஆர். கனகசபை 1938இல ஒரு ஓவியக் கழகம் தொடங்கி, வின்சர்ர பேரையே அதுக்கு வைச்சவர். எனக்கு வாய்ச்ச வாத்தியார் அந்தக் கழகத்துப் பக்கம் தலைவைச்சும் படுத்திருக்கமாட்டார். மேசையில ஒரு செம்புக்குடத்தை வைச்சு "கீறு" எண்டார். குடத்தில ஒரு நெளிவு இருந்தது. நான் நெளிவையும் கீறினன். பிரம்பால ரெண்டு விழுந்தது. குடத்தை நெளிச்சவனுக்கு ஒண்டும் விழேல்லை.

இஞ்ச பக்கத்திலயே, பம்பலப்பிட்டியில, மெல்பேர்ண் அவெனியூவில கோரா ஏப்ரகாம் எண்ட அம்மா நாடு சுதந்திரம் அடைஞ்ச காலத்தை ஒட்டிச் சின்னப்பிள்ளையளுக்கு ஒரு சித்திர வகுப்புத் தொடங்கினவ. மெல்பேர்ண் ஆர்ட் கிளாஸ் எண்டுதான் முதல் பேர். பிறகு அவவின்ர பேரிலயே அது நிலைச்சுது. பாத்துப் பிரதி பண்ண வைக்கிறது அவவின்ர வழி இல்லை. தான் கண்டதைத் தன்ர கையால தன்ர பாட்டில போட பிள்ளையை விடுறது. இது நடந்தது எப்ப எண்டு யோசிச்சுப் பார். உன்ர மாமியாரே அப்ப தவழ்ந்திருக்கமாட்டா. அதுக்கும் முந்தி, 1897இல, வியன்னாவில பிரான்ஸ் சிசெக் எண்டவர் சிறுவருக்கெண்டே ஒரு ஓவிய வகுப்பு நடத்தினவர். அதே ஆஸ்திரியாவிலயிருந்து ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்காவுக்கு ஓடின விக்டர் லோவன்பெல்ட் 1947இல ஒரு பெரிய புத்தகம் எழுதி, கலர் அடிக்கிற புத்தகங்கள் பிள்ளையின்ர கற்பனைக்குக் கேடு எண்டு சொன்னவர். நீ பெட்டாவில மலிவுக்கு அள்ளிக்கொண்டு வந்த உந்தப் பன்னிரண்டு கலர்ப் புத்தகத்தையும் அந்த மனிசன் காணாமல் போனது அவர்ர அதிஷ்டம்.

உடன "அந்த மெல்பேர்ண் வகுப்புக்கு ஃபீஸ் எவ்வளவு ஐயா" எண்டு கேக்கிறாய் பார். காசு குடுக்காத ஒண்டும் படிப்பில்லை உனக்கு.

எங்கயோ தள்ளிப் போகவேண்டாம், மட்டக்களப்பைப் பார். 1996இல, சண்டை நடந்துகொண்டிருக்கேக்க, போல் ஹோகன் எண்ட கனடாக்கார ஓவியரும் போல் சற்குணநாயகம் எண்ட யேசுசபைப் பாதிரியாரும் இன்னும் சிலரும் சேந்து வண்ணத்துப்பூச்சிப் பூங்கா எண்டு ஒண்டு தொடக்கினவை. செத்த வீட்டையும் எரிஞ்ச வீட்டையும் கண்ட பிள்ளையள், தமிழும் முஸ்லிமுமா, அங்க வந்து களிமண் குழைச்சுதுகள், கலர் பூசிச்சுதுகள், கதை கட்டி நாடகம் ஆடிச்சுதுகள். அங்க போய் நிண்டு "களிமண் யானைக்குத் தும்பிக்கை நீளம் காணாது" எண்டு ஆராவது சொல்லியிருப்பினமோ? நீ சொல்லியிருப்பாய்.

கொட்டாஞ்சேனையில என்ர மகளின்ர வீட்டுக்கு ஒருக்கா வந்து பார். ஜம்பட்டா வீதிப் பக்கம், மாடிப்படி திரும்புற இடத்தில நாலு வீட்டுப் பிள்ளையளுக்கும் அவ ஒரு மூலை ஒதுக்கி வைச்சிருக்கிறா. அண்டைக்கு ஆற்றையோ வீட்டுக்குப் புதுப் பிரிஜ் வந்தது. பிரிஜ் உள்ள போச்சு, மட்டைப்பெட்டி படியில நிண்டுது. பேத்தியும் பக்கத்து வீட்டு முஸ்லிம் பெடியனும் ஆளுக்கொரு பிறஷோட பெட்டிக்குள்ள இறங்கினதுகள். நான் வெளிப்பக்கம் பூசப்போகுதுகள் எண்டு பாத்துக்கொண்டு நிக்கிறன். அதுகள் உள்ளுக்க இருந்துகொண்டு உள்பக்கத்துக்குப் பூசுதுகள். வெளியால நிக்கிறவனுக்கு ஒண்டும் தெரியாது. பெட்டி ஆடுது, உள்ள குசுகுசு, சிரிப்பு, "இதுக்கு இருட்டுப் பூசு, இருட்டுப் பூசு" எண்டு ஒரு குரல். ஒரு மணித்தியாலம் கழிச்சு ரெண்டும் நீலமும் கறுப்புமா வெளியால வந்துதுகள். நான் குனிஞ்சு எட்டிப் பாத்தன். பேத்தி "தாத்தா, முடிஞ்சுது, இனி அதில பாக்க ஒண்டுமில்லை" எண்டு சொல்லிப்போட்டுச் சோறு தின்னப் போட்டாள். அடுத்தநாள் பெட்டி பழைய பேப்பர்க்காரனோட போச்சு. ஒருத்தரும் அழேல்லை. நீயெண்டால் பெட்டியை வெட்டிச் சட்டம் போட்டு வரவேற்பறையில மாட்டியிருப்பாய்.

அதாலதான் சொல்லுறன், வெள்ளிக்கிழமைக்கு ரீச்சர் தேடாதை, சாமான் தேடு. அதுவும் உன்ர குசினியிலயே கிடக்கு. ஒரு கோப்பையில மஞ்சள்தூளைத் தண்ணியில கரைச்சு வை. இன்னொண்டில அப்பச்சோடாவைக் கரைச்சு வை. பேப்பரை விரி, பிறஷ் இல்லாட்டில் பொச்சுமட்டை நுனியைத் தட்டித் தும்பாக்கிக் குடு. என்ன நடக்கும் எண்டு முன்கூட்டிச் சொல்லாதை. உனக்குக் கஸ்டம்தான், எண்டாலும் பல்லைக் கடிச்சுக்கொண்டு இரு. மஞ்சள் பூசின இடத்தில சோடாத் தண்ணி பட்ட உடன சிவக்கும். ஆலாத்தித் தண்ணியில மஞ்சளோட சுண்ணாம்பு சேந்து சிவக்கிற அதே வித்தைதான். சுண்ணாம்பு கண்ணில பட்டால் ஆபத்து, அதுக்காகத்தான் சோடா. சிவந்த இடத்தில தேசிக்காயைப் பிழிஞ்சால் திரும்ப மஞ்சளாகும். பெடியன் அதைக் கண்டுபிடிச்சால் பேந்து அவனுக்குப் பேப்பர் தேவையில்லை, ரசாயனக் கூடமே தேவைப்படும். அண்டைக்கு வீட்டில தேசிக்காய் மிஞ்சாது. மஞ்சள் உடுப்பில பட்டால் குழறாதை. தோய்ச்சு வெயிலில போடு, மங்கிவிடும்.

இல்லையெண்டால் கோதுமை மாவைப் பச்சைத்தண்ணியில கட்டியில்லாமல் கரைச்சு, அடுப்பில வைச்சு இறுகுமட்டும் துழாவு. முந்திப் பட்டம் ஒட்டக் காய்ச்சின பசை அதுதான். ஆறினாப்பிறகு கேக்குக்கு விடுற கலரில ரெண்டு துளி விட்டு, மேசையில ஒயில்துணியை விரிச்சு அதில ஊத்திவிடு. கையால வழிக்கட்டும், விரலால கோடு இழுக்கட்டும், அழிக்கட்டும், முழங்கைமட்டும் பூசட்டும். தேப்பன்ர பழைய சேட் ஒண்டை மாட்டிவிட்டால் காணும். கடைசியில உனக்குக் கையில தர ஒண்டும் இருக்காது, துடைக்க ஒயில்துணிதான் இருக்கும்.

துடைக்கப் பஞ்சியெண்டால் அதிலும் லேசான வேலை ஒண்டிருக்கு. ஒரு சின்ன ரின்னில வெறுந்தண்ணியும் சுவருக்கு அடிக்கிற பெரிய பிறஷும் குடுத்துப் பல்கனிச் சுவரைக் காட்டு. கொழும்பு வெயிலில ஒரு அந்தத்தில பூச மற்ற அந்தம் காய்ஞ்சு போகும். திரும்பப் பூசுவான். திரும்பக் காயும். உன்ர வீடு நாலாம் மாடி, பக்கத்திலயே இரு. வாயில ஒரு வெத்திலையைப் போட்டுக்கொண்டு இரு. வாய் நிறைய வெத்திலை இருந்தால் "என்னடா இது" எண்டு கேக்க ஏலாது, "வாவ், சூப்பர்" எண்டு கத்தவும் ஏலாது. ரெண்டாவதுதான் கூடக் கேடு. ஒருக்கா சூப்பர் எண்டால் பிள்ளை அதே படத்தைப் பதினைஞ்சு தரம் கீறி உன்னட்டக் கொண்டு வரும், நீயும் பதினைஞ்சு சூப்பர் குடுக்கவேணும். அது பேந்து கீறுறதில்லை, வியாபாரம்.

பேப்பருக்கு எங்க போறது எண்டு கேளாதை. 2022 மார்ச்சில மேல்மாகாணப் பள்ளிக்கூடங்களில பேப்பர் இல்லாமல் தவணைச் சோதனையையே பின்போட்டவை. அந்தக் காலத்திலயும் என்ர பேத்தி கீறிக்கொண்டுதான் இருந்தாள், கீழ்வீட்டு அச்சுக்கூடத்தில வெட்டி எறிஞ்ச கீலம் துண்டில. நீட்டுத் துண்டில நீட்டுப் பாம்பு, அவ்வளவுதான். சோதனைக்குத்தான் சரியான சைசில பேப்பர் வேணும். அந்தத் துண்டுகள் ஒரு பை நிறைய என்ர கட்டிலுக்குக் கீழ கிடக்கு, போகேக்க கொண்டு போ. கரண்ட் பில்லையும் கோப்பில வைச்சுக் கொண்டு போ. அட்மிஷன் நேர்முகத்தில அதிபர் பின்பக்கத்தைத் திருப்பிப் பாத்து இது என்ன எண்டு கேட்டால், 100ஆம் நம்பர் பஸ் எண்டு சொல்லு. இவ்வளவு கிட்ட வீடிருக்கிறதுக்கு வேற என்ன அத்தாட்சி வேணும்.

ஓம், தெரியும். மாமி வந்து "வீடென்ன மீன் சந்தையே" எண்டு கேப்பா. கேக்கட்டும். நீ மறுமொழி சொல்லாதை. ரெண்டாவது பிறஷ் ஒண்டை அவவின்ர கைக்குக் கிட்ட வைச்சிட்டுத் தேத்தண்ணி போடப் போ. "அப்பம்மா, இஞ்சால நீங்கள் பூசுங்கோ" எண்டு பெடியன் கேட்டால் அவ மாட்டன் எண்டு சொல்லுற ஆளில்லை. அவசரப்பட்டுத் திரும்பி வராதை, நல்லாக் கொதிக்கட்டும். அப்பிடியே எனக்கும் ஒரு கோப்பை குடுத்துவிடு, ரெண்டு கரண்டி சீனி போட்டு. என்ர மருமோள் கேட்டால் சீனி போடேல்லை எண்டு சொல்லு.